கோளும் மரக்காலும்

தமிழில் ‘கோள்’ என்னும் சொல் ‘கொள்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்து, பற்றிக்கொள்வது என்ற பொருளை இன்னும் தன்னுள் வைத்திருக்கிறது. வடமொழியின் ‘கிரகம்’ என்பதற்கும் பற்றுவது என்பதே வேர்ப்பொருள். எனவே செயற்கைக்கோள் என்று ஒரு கருவிக்குப் பெயரிட்டபோது, மனிதனைப் பற்றி ஆட்டுவதாக நெடுங்காலம் கருதப்பட்ட ஒன்றின் பெயர், மனிதன் தன் கையால் செய்து விண்ணில் விட்ட ஒன்றுக்கும் போய்ச் சேர்ந்தது. வேறு நாட்டில் இது சொல்லாராய்ச்சியாளரின் குறிப்போடு முடிந்துவிடும். காவிரிப் படுகையில் அப்படி முடிவதில்லை. சூரியனார்கோயில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம் என்று ஒன்பது கோளுக்கும் ஒவ்வோர் ஊரைக் கொடுத்து, அவ்வூர்களை நெல்வயல்களுக்கு நடுவே அமர்த்தி வைத்திருக்கும் நாடு அது. வானத்துக் கோள்கள் அங்கே பேருந்து நிறுத்தங்களாகவும் இருக்கின்றன. கல்லூரி மாணவர்கள் கையில் ஏந்தும் அளவிலான ஒரு பெட்டியைச் செய்து, அதைச் செயற்கைக்கோள் என்று விண்ணுக்கு அனுப்பும் இக்காலத்தில், அந்தப் பெட்டிக்கும் சமயத்துக்கும் உறவு ஏதேனும் உண்டா என்ற கேள்வி அந்த நாட்டில்தான் முழு அழுத்தத்தோடு எழுகிறது. இக்கேள்விக்கு ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள விடைகள் கோளைத் தவறான இடத்தில் பற்றுகின்றன; பிடிக்கத் தக்க இடம் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரும், நெல் அளக்கும் ஒரு மரக்காலின் பெயரில் இருக்கிறது.

முதலில் அந்தப் பெட்டி இன்னதென்று தெளிவது நல்லது. 1999-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பாலிடெக்னிக் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோர்டி புய்க் சுவாரியும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாப் ட்விக்ஸும், மாணவர்கள் தாம் படித்து முடிப்பதற்குள் ஒரு செயற்கைக்கோளைச் செய்து முடிக்க வேண்டுமானால் அது சிறியதாகவும் ஒரே அளவினதாகவும் இருக்க வேண்டும் என்று கருதி, பக்கம் 10 செ.மீ. கொண்ட ஒரு கனசதுரத்தை அலகாக வகுத்தனர். ‘கியூப்சாட்’ என்று பெயர்பெற்ற அதன் எடைவரம்பு முதலில் ஒரு கிலோவாகவும் பின்னர் 1.33 கிலோவாகவும் இருந்தது; இரண்டு, மூன்று, ஆறு அலகுகளை அடுக்கிப் பெரிய கோளாகவும் செய்துகொள்ளலாம். பக்க அளவில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிசகக் கூடாது என்ற கண்டிப்பு வெளிக்கூட்டுக்கு மட்டுமே உரியது; உள்ளே என்ன வைப்பது, எதை அளப்பது, எதைப் படம் பிடிப்பது என்பதெல்லாம் செய்பவர் விருப்பம். இக்கண்டிப்பின் காரணம் கோளில் இல்லை, கோள் அமரும் கூட்டில் இருக்கிறது. வில்சுருள் பொருத்திய ஒரு நீள்பெட்டிக்குள் கியூப்சாட்டுகளை அடுக்கி, அப்பெட்டியை ராக்கெட்டில் பூட்டிவிட்டால், உரிய உயரத்தில் கதவு திறந்து வில் அவற்றை வெளியே தள்ளிவிடும். ராக்கெட்டில் முதன்மைப் பயணியாகச் செல்லும் பெருங்கோளின் உரிமையாளர், மாணவர் செய்த பொருளால் தம் கோளுக்குத் தீங்கு நேராது என்று நம்புவதற்கு அந்தக் கதவும் அந்த அளவும் போதும். மாணவரை அவர் நேரில் அறிந்திருக்க வேண்டியதில்லை. 2003 ஜூன் 30 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து முதல் கியூப்சாட்டுகள் சென்றபோது டோக்கியோ, டொரண்டோ, டென்மார்க்கின் ஆல்போர்க் ஆகிய இடங்களின் மாணவர்கள் செய்தவை ஒரே ராக்கெட்டில் சென்றன.

இந்தியாவில் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதற்கோள் தமிழ்நாட்டினுடையது. குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய 40 கிலோ எடையுள்ள அனுசாட், 2009 ஏப்ரல் 20 அன்று பிஎஸ்எல்வி-சி12 ராக்கெட்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது. அது கியூப்சாட் அளவினதன்று. மறு ஆண்டு ஜூலையில் சென்ற ஸ்டட்சாட், பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களின் ஏழு பொறியியல் கல்லூரிகள் கூடிச் செய்த, ஒரு கிலோவுக்கும் குறைந்த சிறு கோள். அதன்பின் எஸ்ஆர்எம் பல்கலைக்கழகத்தின் 10.9 கிலோ கோள் 2011-இலும், சத்தியபாமாவின் 1.5 கிலோ கோள் 2016-இலும், குமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோ கோள் 2017-இலும் விண்ணேறின. 2021 பிப்ரவரி 28 அன்று பிரேசிலின் அமசோனியா-1 கோளுடன் சென்ற பிஎஸ்எல்வி-சி51, ஸ்ரீபெரும்புதூர், கோயம்புத்தூர், நாகபுரி ஆகிய ஊர்களின் மூன்று கல்வி நிறுவனங்கள் கூட்டாகச் செய்த ‘யூனிட்டிசாட்’ என்னும் மூன்று கோள்களையும் ஏந்திச் சென்றது. தஞ்சை வட்டாரத்தின் பெயர் இந்த வரிசையில் இல்லை என்பது உண்மையே. ஆனால் செயற்கைக்கோள்களைப் பற்றி மக்கள் பேசிக்கொள்ளும் கதை அந்த வட்டாரத்தில்தான் முளைத்தது.

திருநள்ளாற்றுச் சனீஸ்வரன் சன்னதிக்கு நேர்மேலே வரும் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் மூன்று விநாடி திகைத்து நின்று, பிறகே நகர்கிறது என்பதும், நாசாவே இதைக் கண்டு வியந்தது என்பதும் அந்தக் கதை. பல ஆண்டுகளாகக் கைப்பேசிகளில் சுற்றிவரும் இச்செய்தி, விவரமறிந்தோர் மறுத்த பிறகும் சனிப்பெயர்ச்சி தோறும் புத்துயிர் பெறுகிறது. இதைச் சிரித்து ஒதுக்குவது எளிது. ஆனால் இப்படியொரு கூற்றைச் சோதிப்பதற்கான முறையைப் படுகையின் சமயமரபே வகுத்து வைத்திருக்கிறது என்பதால், அம்முறைப்படியே சோதிப்பது நியாயம். சைவ சித்தாந்த நூல்களில் அறிவைப் பெறும் வழிக்கு ‘அளவை’ என்று பெயர். மரக்காலுக்கும் தராசுக்கும் உரிய சொல்லின் வேரே மெய்யறிவின் கருவிக்கும் பெயராயிற்று. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், பிறர் பலவாகச் சொன்ன அளவைகளை நேரே காணும் காட்சி, கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணரும் கருதல், ஐயத்துக்கு இடமில்லாத சான்றோர் வாக்காகிய உரை என்னும் மூன்றில் அடக்குகிறது.

இம்மூன்றில் கதை எதிலும் தேறவில்லை. 500 கி.மீ. உயரத்தில் சுற்றும் கோள் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 7.6 கி.மீ. விரைந்து, சுமார் 95 நிமிடத்தில் உலகை ஒருமுறை வலம் வருகிறது. ஆகவே மூன்று விநாடியில் அது 20 கி.மீ.க்கு மேல் கடந்துவிடும். அந்த வேகந்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. வேகம் நின்ற கோள் மறுபடி நகரத் தொடங்காது, விழத் தொடங்கும். இது கருதல். காட்சிக்கும் குறைவில்லை. மாணவர் கோள் ஒன்று 435 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விட்டுவிட்டு ஒலிக்கும் குறியொலியை, அலுமினியக் குச்சிகளால் கட்டிய ஒரு கைப்பிடி ஆன்டெனாவும் சிறு வானொலிப்பெட்டியும் இருந்தால் திருநள்ளாற்று நளதீர்த்தக் கரையிலிருந்தே கேட்கலாம். கோள் நெருங்கும்போது ஒலியின் சுருதி உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் இருக்கும். ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் முடியும் அக்கடப்பில் அலைவரிசை மேலும் கீழுமாகப் பத்து கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு வழுக்கி இறங்கும். கோள் ஒரு கணம் நின்றிருந்தாலும் அந்த வழுக்கலில் ஒரு முறிவு கேட்டிருக்கும். எஞ்சுவது உரை. விந்தை அங்கேதான் இருக்கிறது: கதை தனக்கு ஆகமத்தைச் சான்று காட்டவில்லை, நாசாவைச் சான்று காட்டுகிறது. ஆப்தவாக்கியத்தின் ஆசனத்தில் அமெரிக்க அரசு அலுவலகம் ஒன்று அமர்த்தப்பட்டிருக்கிறது. அந்த அலுவலகமோ அப்படி எதுவும் சொல்லவில்லை.

சோதனை என்பதே பக்திக்குப் பகை என்றும் சொல்ல இயலாது. அதே திருநள்ளாற்றுப் பதிகம் எழுதிய ஏட்டைத்தான் மதுரையில் சமணரோடு வாதிட்டபோது திருஞானசம்பந்தர் தீயிலிட்டார் என்றும், அது வேகாமல் பச்சையாக இருந்ததால் பச்சைப்பதிகம் என்று பெயர்பெற்றது என்றும் சைவ மரபு சொல்கிறது. அந்நிகழ்ச்சியை வரலாறாக ஏற்பதும் ஏற்காததும் அவரவர் முடிவு. ஆனால் அக்கதையில் வருபவர் தம் ஏட்டை எல்லார் கண்ணெதிரே நெருப்பில் வைக்கிறார், தோற்றால் இழப்பதற்கு அவரிடம் ஒன்று இருக்கிறது. கைப்பேசிக் கதையை அனுப்புகிறவரிடம் அப்படி ஒன்றுமில்லை. மேலும் அக்கோயிலின் மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரர். சனீஸ்வரன் அவர் ஆணைக்கு உட்பட்டு நிற்பவர். கோள்கள் இறைவனுக்கு அடங்கியவை என்பதைக் கல்லிலேயே காட்டும் ஒரு கோயிலுக்கு, அலுமினியப் பெட்டியின் நற்சான்றிதழ் வாங்கித் தர முனைவது அக்கோயிலை உயர்த்துவதாகாது.

புழக்கத்திலுள்ள இன்னொரு விடை படித்தவர்களுடையது. யூனிட்டிசாட்டுகள் சென்ற அதே பிஎஸ்எல்வி-சி51 ராக்கெட்டில், சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் ‘சதீஷ் தவான் சாட்’ என்னும் சிறு கோளும் சென்றது. அதில் ஒரு நினைவட்டையில் பகவத் கீதை முழுவதும் பதியப்பட்டிருந்தது, பிரதமரின் உருவம் மேற்பலகையில் பொறிக்கப்பட்டிருந்தது, 25,000 பேரின் பெயர்களும் உடன் சென்றன. இது இந்தியாவுக்கு மட்டும் உரிய ஆசையன்று. 1971-இல் அப்போலோ-14 நுண்பட வடிவில் பைபிளை நிலவுக்குக் கொண்டுபோயிற்று. 2021-இல் ஜப்பானின் கியோட்டோ நகரத்து டைகோஜி என்னும் பழம்பெரும் பௌத்த ஆலயம், ஒரு சிறு கோளையே ஆலயமாக்கி விண்ணில் நிறுத்தும் திட்டத்தை அறிவித்தது. இவற்றுக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் ஒன்றே: மேலே போவது தூய்மை, மேலே போகும் பொருளில் புனிதத்தை வைத்தால் அது மேலும் புனிதமாகும்.

படுகையின் வடவிளிம்பில், கொள்ளிடத்துக்கு அப்பால் இருக்கும் சிதம்பரம் இந்த எண்ணத்தை ஏற்காது. ஐம்பூதத் தலங்களுள் அது வெளிக்கு உரியது. ஆகாசமே அங்கே வழிபடப்படுகிறது. ஆனால் அந்த ஆகாசத்தைக் காண அண்ணாந்து பார்க்கும் வழக்கம் அங்கில்லை. திரை விலக்கினால் தெரிவது ஒரு சுவரும் அதன்மேல் தொங்கும் பொன் வில்வ இலைகளும்; அந்தச் சிறு இடத்து வெறுமைதான் வெளி. உபநிடதங்கள் இதயத்துள்ளே இருப்பதாகச் சொல்லும் தகராகாசம் என்பதற்கும் சிறிய வெளி என்பதே பொருள். வெளி மேலே இருப்பதன்று, எங்கும் இருப்பது, எனவே உள்ளும் இருப்பது என்ற கொள்கையை ஏற்பவருக்கு, 500 கி.மீ. உயரத்தில் ஒரு நூல் இருப்பதும் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்து அலமாரியில் ஓர் ஏடாக இருப்பதும் புனிதத்தில் வேறுபடா. பின்னதை எடுத்துப் படிக்கலாம் என்ற வேறுபாடு மட்டும் உண்டு.

25,000 பெயர்கள் என்ற செய்தி வேறொரு பெயர்ப்பட்டியலை நினைவூட்டுகிறது. முதலாம் ராஜராஜன் 1010-இல் முடித்த தஞ்சைப் பெரிய கோயிலாகிய ராஜராஜேஸ்வரத்தின் வெளிச்சுவரில், பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட, தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயிற்பணிப் பெண்கள் 400 பேரின் பெயர்கள், எந்தச் சேரி, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பது வரை வெட்டப்பட்டுள்ளன. கட்டிய பெருந்தச்சனின் பெயரும் அக்கோயிற் கல்லில் உண்டு. அப்பெயர்கள் புகழுக்காக ஏறியவை அல்ல. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல், அந்நெல்லை இன்ன மரக்காலால் அளக்க வேண்டும் என்ற கட்டளையோடு சேர்ந்தே அவை கல்லேறின. கடமையும் உரிமையும் பொருந்திய பெயருக்கும், வானத்தில் ஒருமுறை வலம் வரட்டும் என்று அனுப்பிய பெயருக்கும் உள்ள தூரம் ஆயிரம் ஆண்டைவிடப் பெரிது.

அந்த மரக்காலின் பெயர் ‘ஆடவல்லான்’. கூத்தப்பெருமானின் பெயர் அது. மரக்கால் என்பது எட்டு நாழி கொள்ளும் முகத்தலளவை. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கோயிலுக்கு வரும் நெல்லும் கோயிலிலிருந்து போகும் நெல்லும் அரசின் ராஜகேசரி மரக்காலோடு ஒத்த ஆடவல்லான் மரக்காலால் அளக்கப்பட்டன. கோயிற் பொன்னை நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர், மணிகளை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்று பெயர். நிலத்தை அளந்ததும் அப்படியே. ராஜராஜன் காலத்து நில அளவை, வேலி என்னும் நில அலகைப் பகுத்துப் பகுத்து நம்பவே முடியாத நுண்பின்னங்கள் வரை கணக்கெழுதியது. அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்று பெயர், அது மூவடியால் உலகளந்த திருமாலின் பெயர். அளவுக்குள் அடங்காதவன் என்று எந்த இறைவனைப் பாடினார்களோ, அவன் பெயரையே அளவுகருவிக்கு வைத்த இந்த வழக்கத்தைப் பக்தியின் மிகை என்று கடந்துபோக முடியாது. கும்பகோணத்துக் களத்தில் அளக்கும் நெல்லும் நாகப்பட்டினத்துக் களத்தில் அளக்கும் நெல்லும் ஒன்றுக்கொன்று ஈடாக வேண்டுமானால், ஒருவரையொருவர் பார்த்திராத பலர், தம் கைக்கு வசதியான அளவை விட்டுப் பொதுவான ஓர் அளவுக்கு உடன்பட வேண்டும். அந்த உடன்பாட்டுக்கு யாருடைய அளவு என்ற கேள்வி எழாதபடி, யாருக்கும் சொந்தமில்லாத ஒருவனின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

கியூப்சாட்டின் பத்துச் சென்டிமீட்டரும் அதே வேலையைச் செய்கிறது. ஒரு வகுப்பு தொடங்கிய கோளை, அவ்வகுப்பு பட்டம் பெற்றுப் போனபின் அடுத்த வகுப்பு தொடர்வதும், கோயம்புத்தூரில் செய்த கூடும் நாகபுரியில் செய்த கூடும் ஒரே வகைக் கதவுக்குள் நுழைவதும், அளவு எவருடைய உடைமையாகவும் இல்லாததால்தான் நடக்கின்றன. வகுத்தவர்கள் அதை வெளியிட்டு எல்லார்க்கும் பொதுவாக விட்டுவிட்டார்கள். சித்தாந்தம் ஒரு குடத்துக்கு மண்ணை முதற்காரணமாகவும், தண்டசக்கரத்தைத் துணைக்காரணமாகவும், குயவனை நிமித்தகாரணமாகவும் சொல்லும். மாணவர் கோளில் குயவன் யார் என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்ல முடியாது. ‘நான் செய்தேன்’ என்று எவரும் முழு உரிமையோடு சொல்ல முடியாத ஒரு பொருள், ஆணவம் என்னும் மூலமலத்தைப் பற்றி இவ்வளவு பேசிய ஒரு மரபின் கவனத்துக்கு உரியதல்லவா?

ஆயினும் அளவைத் தெய்வமாக்கிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. படுகையில் மரக்கால் நியாயத்தின் கருவியாக இருந்த அளவுக்கு அநியாயத்தின் கருவியாகவும் இருந்திருக்கிறது. வாங்கும்போது ஒரு மரக்கால், கொடுக்கும்போது ஒரு மரக்கால் என்ற குறை உழைத்தவர் வாயில் பழையது. களத்தில் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணாமல் ‘லாபம்’ என்று மங்கலமாகத் தொடங்கும் வழக்கம் அழகானதே, ஆனால் யாருக்கு லாபம் என்பது மரக்காலைப் பிடித்த கையைப் பொறுத்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டதன் பின்னணியில், கூலியாக அளக்கும் நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டம் இருந்தது. ஆடவல்லான் என்று அளவுக்குப் பெயரிட்ட நாட்டில்தான் அதுவும் நடந்தது. இன்றைக்கு மரக்கால் போய்விட்டது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் ஈரப்பதமானி 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மூட்டை நிற்கும், மழைக்காலத்தில் அந்த வரம்பைத் தளர்த்தக் கேட்டு உழவர் நிற்பர். கோளின் உலகமும் இதற்கு விலக்கன்று. அளவு பொதுவானது, ஏற்றிச்செல்லும் ராக்கெட் சிலருடையது. பெட்டியைச் செய்து முடித்த பின்னும் கதவு திறக்கும் நாளை மாணவர் தீர்மானிப்பதில்லை. 2017 பிப்ரவரி 15 அன்று ஒரே பிஎஸ்எல்வி-யில் சென்ற 104 கோள்களில் 88, ஓர் அமெரிக்க நிறுவனத்தின் மூன்றலகுப் படப்பிடிப்புக் கோள்கள். மன்னார்குடிப் பக்கத்து ஒரு மா நிலத்தில் சம்பா பச்சையாக இருக்கிறதா, பழுத்துவிட்டதா, நீரில் மூழ்கியதா என்பதை அத்தகைய கோள் மேலிருந்து பார்த்துவிடும்; பார்த்த படம் நிலத்துக்குரியவரின் சொத்தன்று. உலகளந்த கோல் இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேட்பதும் சமயக் கேள்விதான், ஏனெனில் மூவடி கேட்ட கதையிலேயே அளந்தவன் கொண்டவனாகிறான்.

பொதுவளவு வந்தால் எல்லாம் ஒன்றுபோலாகி, ஒவ்வொன்றுக்கும் உரிய உயிர்ப்பு போய்விடும் என்ற அச்சமும் உண்டு. இதற்குச் சுவாமிமலையின் வார்ப்புப் பட்டறைகள் வேறொரு விடையை வைத்திருக்கின்றன. ஐம்பொன் படிமம் செய்யும் ஸ்தபதி, செய்யவிருக்கும் படிமத்தின் உயரத்துக்குத் தென்னை ஓலையில் ஒரு நறுக்கைக் கத்தரித்து, அதைப் பாதியாகவும் மறுபடி பாதியாகவும் மடித்து, மடிப்புகளைக் கொண்டே நெற்றி, மூக்கு, மார்பு, நாபி, முழங்கால் இவற்றின் இடங்களைக் குறித்துக்கொள்கிறார். முகத்தின் நீளத்தைத் தாலம் என்னும் அலகாகக் கொள்ளும் இம்முறையில், அளவு வெளியிலிருந்து வருவதில்லை. அந்தப் படிமமே தன் அளவைத் தருகிறது, ஆதலால் விரலுயரப் படிமமும் ஆளுயரப் படிமமும் தத்தம் அளவில் சரியாக இருக்கின்றன. மெழுகில் செய்த உருவின்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்கூட்டை உடைத்துவிடுவதால், இரண்டாம் படிமத்துக்கு இரண்டாம் மெழுகு வேண்டும், ஒன்று மற்றொன்றாவதில்லை. கியூப்சாட்டின் அளவு இதற்கு நேர்மாறாகக் கதவிலிருந்து பிறந்தது. ஓலை பொருத்தத்தை அளக்கிறது, பெட்டி நுழைவை அளக்கிறது என்று இரண்டையும் பிரித்துக்கொண்டால் அச்சம் பாதி தீரும்: வெளிக்கூடு ஒன்றேயானாலும் உள்ளிருப்பது ஒவ்வொரு முறையும் புதுமெழுகுதான். ஆனால் படிமத்துக்குக் கண் திறக்கும் சடங்கு ஒன்று உண்டு, அதன்பின் அது பொருளாக இருப்பதில்லை. மாணவர் கோளுக்கு அப்படி ஒன்றை ஏற்றிச் சொல்வது மிகை. அது வழிபடு பொருளன்று, ஆகவும் வேண்டியதில்லை.

ஆனால் அதற்கு ஒரு மௌனம் விதிக்கப்பட்டிருக்கிறது. ராக்கெட்டில் இருக்கும்வரை கோளின் மின்கலம் இணைப்பற்றுக் கிடக்க வேண்டும். விளிம்பில் உள்ள ஒரு சிறு பொத்தான், பக்கத்துச் சுவரில் அழுந்தியிருக்கும் வரை மின்சாரத்தைத் தடுத்து வைக்கும். வில் தள்ளி வெளியே வந்ததும் பொத்தான் விடுபட்டு உயிர் வரும், ஆனாலும் உடனே கை நீட்டக் கூடாது. உடன்வந்த கோள்கள் விலகிப்போகும்வரை அரைமணி நேரம் ஆன்டெனாவை விரிக்கக் கூடாது, முக்கால் மணி நேரம் ஒலிக்கக் கூடாது என்பது பொதுவிதி. அந்த முக்கால் மணி நேரத்தில் செய்தவர்களால் செய்வதற்கு எதுவுமில்லை. 2022 ஆகஸ்ட் 7 அன்று, அரசுப் பள்ளிகள் 75-இலிருந்து 750 மாணவியர் பங்கேற்றுச் செய்த ஆசாதிசாட்டை ஏற்றிக்கொண்டு எஸ்எஸ்எல்வி என்னும் இஸ்ரோவின் சிறு ராக்கெட் தன் முதற்பயணம் போனது. 356 கி.மீ. உயரத்தில் வட்டப் பாதையில் விட வேண்டிய கோளை, தாழ்முனை 76 கி.மீ.க்கு இறங்கும் நீள்வட்டத்தில் விட்டுவிட்டது. காற்று உரசும் அந்த உயரத்தில் எதுவும் நிலைக்காது. ராக்கெட்டின் அடுக்குகள் பிரிந்தபோது எழுந்த அதிர்வில் உணர்கருவிகள் குழம்பியதே காரணம் என்று இஸ்ரோ பின்னர் விளக்கியது. மாணவியர் சால்டரால் ஒட்டிய சிறு மின்பலகைகளில் பிழையில்லை. வினையில்தான் உரிமை, பயனில் இல்லை என்று சொல்லும் நூலை நினைவட்டையில் ஏந்திச் சென்றது வேறொரு கோள். அந்நூல் சொல்வதை ஏந்திச் சென்றது அந்நூலை ஏந்தாத இந்தக் கோள். 2023 பிப்ரவரி 10 அன்று அதன் இரண்டாம் வடிவம் சென்று சேர்ந்தது என்பது நற்செய்தியே, ஆனால் முதலாவதைப் பற்றிய கணக்கை அது மாற்றவில்லை.

சென்று சேர்வதும் நிலைப்பதற்கன்று. அனுசாட் விண்ணில் மூன்று ஆண்டு இருந்து, 2012 ஏப்ரலில் காற்று மண்டலத்தில் புகுந்து அழிந்தது. வேலை முடிந்த கோள் 25 ஆண்டுக்குள் பாதையை விட்டு நீங்க வேண்டும் என்ற பழைய நெறியை, அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் தாழ்பாதைக் கோள்களுக்கு 2022-இல் ஐந்து ஆண்டாகக் குறைத்தது. வானமும் ஒரு வாய்க்கால்தான், தூர்வாராமல் விட்டால் அடுத்தவருக்குத் தண்ணீர் வராது. இறைவனை மண்ணில் பிடித்து வைத்து வணங்கி ஆற்றில் கரைப்பதையும், அம்மன் முன் வளர்த்த முளைப்பாரியைக் குளத்தில் விடுவதையும் இழப்பு என்று எண்ணாத நாட்டுக்கு, எரிந்துபோவதற்கென்றே செய்யப்படும் கோள் புதிராக இருக்க வேண்டியதில்லை. கரைக்காமல் வைத்துக்கொண்டால்தான் அங்கே குற்றம்.

அக்கோளின் ஆன்டெனாவை அருகில் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சுருட்டினால் சுருளவும் விட்டால் விறைத்து நீளவும் வல்ல மலிவான எஃகுப் பட்டை வேண்டும் என்று தேடிய மாணவர்கள் பலர், இரும்புக்கடையில் தச்சரும் கொத்தனாரும் வாங்கும் அளவு டேப்பையே வாங்கி, வேண்டிய நீளத்துக்கு வெட்டி, பெட்டியைச் சுற்றி மடித்து, தூண்டில் நரம்பால் கட்டிவிடுகிறார்கள்; அரைமணி நேரம் கழிந்ததும் ஒரு சிறு மின்கம்பி சூடாகி அந்த நரம்பை அறுக்க, டேப் நிமிர்கிறது. சிலவற்றில் மஞ்சள் பூச்சும் அங்குலக் கோடுகளும் எண்களும் அழிக்கப்படாமல் அப்படியே இருக்கும். ஸ்தபதியின் ஓலை நறுக்கு, படிமம் கோயிலுக்குப் போனபின் பட்டறை மூலையில் காய்ந்து கிடக்கும். டேப் மட்டும் தான் அளந்த பொருளோடு சேர்ந்து போகிறது. திரும்பி இறங்கும் நாளில் முதலில் சிவப்பது பெட்டியைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பட்டையாகத்தான் இருக்கும்.